டிவி ஆன் ஆகலையா? முதலில் சிவப்பு லைட்டைப் பாருங்கள்

"டிவி ஆன் ஆகலைங்க" என்று போன் வந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "ரெட் லைட் எரியுதா?" என்பதுதான். அடுத்தது, "சத்தம் வருதா?" இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லைட்டே எரியாத டிவி, லைட் எரிந்தும் எழுந்திருக்காத டிவி, எழுந்து இரண்டு நொடியில் படுத்துவிடும் டிவி, உள்ளே நன்றாக ஓடிக்கொண்டே படத்தை மட்டும் காட்டாத டிவி என்று நான்கு ரகம் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் நான்கையும் ஒரே வார்த்தையில்தான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் கெட்டுப்போயிருக்கும் பாகம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் போர்டு வாங்கப் போவதுதான் பணம் வீணாகும் இடம்.

பின்மூடியைக் கழற்றுவதற்கு முன் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். டெஸ்டரை சாக்கெட்டில் வைத்துவிட்டு "லைட் எரியுது, கரண்ட் இருக்கு" என்று முடிவு கட்டுவார்கள். டெஸ்டர் பேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் கழன்றிருந்தாலும் அது ஜோராக எரியும், டிவிதான் ஓடாது. அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள். செல்போன் சார்ஜர் வேண்டாம். அது இழுப்பது மிகக் குறைந்த கரண்ட் என்பதால், கருகிப்போன சுவிட்ச் வழியாகக்கூட ஓடிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் எதுவாக இருந்தாலும் நடுவில் வைக்காமல் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலேயின் காண்டாக்ட் தேய்ந்துபோய், வெளியே வரும் வழியை அடைத்துவிட்டு, டிவியின் மேல் பழி விழுவது வெகு சாதாரணம்.

அடுத்து ரிமோட். செல்போனின் முன்பக்க கேமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கைக் காட்டி பட்டனை அழுத்தினால், திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மினுக்க வேண்டும். பின்பக்க கேமரா பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டிவிடும் என்பதால்தான் முன்பக்கம். ரிமோட் செத்திருந்தாலும் டிவியில் ஒரு பட்டன் இருக்கும். இப்போதைய மாடல்களில் கீழ்ச்சட்டத்தின் நடுவில், விரலால் தடவினால்தான் தட்டுப்படும் மாதிரி ஒளித்து வைத்திருப்பார்கள்.

பிறகு ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி, டிஷ் கேபிள், நெட்வொர்க் கேபிள் அத்தனையையும் உருவிவிடுங்கள். செட்டாப் பாக்ஸிலோ பென்டிரைவிலோ ஷார்ட் இருந்தால், அது டிவியையும் எழவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, டிவியில் உள்ள பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் பிராசசர் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். இதைத் தாண்டியும் எழவில்லை என்றால்தான் திருப்புளி.

திறப்பதற்கு முன் ஒன்று. சாகாத டிவியைவிடச் செத்த டிவிதான் ஆபத்து. உள்ளே பவர் போர்டில் விரல் பருமனில் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும், மேலே 400 அல்லது 450 வோல்ட் என்று போட்டிருக்கும். வீட்டின் 230 வோல்ட் ஏசி, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அதில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. ஓடுகிற டிவியில் பிளக்கைப் பிடுங்கினால், அந்தச் சார்ஜை சப்ளையே சில நொடிகளில் குடித்துவிடும். சப்ளை செத்துப்போயிருந்தால் குடிக்க ஆளில்லை. பிளக்கைக் கழற்றி நெடுநேரம் ஆன பிறகும் உதைக்கக் காத்திருக்கும். திருப்புளியால் இரண்டு காலையும் ஷார்ட் செய்வது வேண்டாம். பொறி பறந்து ட்ராக்கை, அதாவது போர்டின் செம்புத் தடத்தைப் பிய்த்துவிடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இன்சுலேஷன் உள்ள வயர் பற்றவைத்து, அந்த இரண்டு கால்களில் ஐந்து பத்து நொடி பிடியுங்கள். பிறகு மீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மீட்டரை உயிருள்ள போர்டில் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றதைப் படித்து வைத்துக்கொண்டால் மெக்கானிக்கிடம் பேச உதவும்.

டிவியைக் கட்டிலில் கம்பளி விரித்துக் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் ரிமோட், சாவி என்று எதுவும் கிடக்கக் கூடாது. ஒரு சின்னப் பொருள் பட்டாலும் பேனல் கண்ணாடி போய்விடும். திறந்ததும் போர்டைக் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். தலை உப்பிய கெபாசிட்டர், கருகிய வாசனை, வெடித்த நீல வட்டு. நம் ஊர்களில் இன்னொன்றையும் தேட வேண்டும்: பல்லி. ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவியின் பவர் போர்டு இரவெல்லாம் இளஞ்சூடாக இருப்பதால் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். இரண்டு ட்ராக்குக்குக் குறுக்கே விழுந்தால் அதுவும் போச்சு, சப்ளையின் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும் போச்சு. எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பாகம் மாட்டினால் போதாது. அந்த இடத்தில் போர்டே கருகிக் கரியாகியிருக்கும், கரி கரண்ட் கடத்தும். வெளிர் நிறம் தெரியும்வரை கத்தியால் சுரண்டி எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

சிவப்பு லைட்டே இல்லை

சந்தேகம் பவர் போர்டு மேல். பிளக்கைக் கழற்றிய நிலையில் ஃபியூஸை மீட்டரின் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் கூவும் மோடில்) பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து டிவி செத்திருந்தால் பெரும்பாலும் சின்ன வேலை. ஃபியூஸ் போயிருந்தால் அது எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போடாதீர்கள், போட்டதும் அதுவும் போகும். வயரைச் சுற்றி ஓட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஃபியூஸுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு வட்டு நிற்கும். அதுதான் வேரிஸ்டர், 10டி471, 14டி471 என்று எழுதியிருக்கும். 471 என்றால் 470 வோல்ட். ஏசியில் 300 வோல்ட் வரை அது சும்மா இருக்கும். அதற்கு மேல் போனால் தானே ஷார்ட்டாகி ஃபியூஸை ஊதிவிடும். தெருவில் நியூட்ரல் அறுந்தால் இதுதான் நடக்கிறது: வேறு வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்கின்றன, லோடு குறைவாக இருக்கும் வீட்டில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டுகிறது. அன்று தெருவில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் டிவி, ஃப்ரிட்ஜ் போயிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். வேரிஸ்டர் வெடித்து ஃபியூஸோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் மாற்றினால் டிவி ஓடிவிடும். சிலர் வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸை மட்டும் போட்டுத் தருவார்கள். டிவி ஓடும், அடுத்த முறை நியூட்ரல் அறும்வரை. ஃபியூஸின் உடம்பில் டி என்ற எழுத்தோடு 3.15, 4, 5 என்று ஆம்பியர் இருக்கும். டி என்றால் ஸ்லோ ப்ளோ. அதே அளவில் அதே ரகம்தான் போட வேண்டும்.

வேரிஸ்டர் நன்றாக இருந்தால், அடுத்து பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் ஹீட்சிங்கில் நிற்கும் மாஸ்ஃபெட்டும். டயோடு மோடில் பிரிட்ஜின் ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 0.45 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் காட்டக் கூடாது. மாஸ்ஃபெட்டின் மூன்று கால்கள் கேட், ட்ரெயின், சோர்ஸ்; ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையில் மீட்டர் கூவினால் ஷார்ட். அது தனியாகச் சாவதில்லை. சோர்ஸில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரையும், கேட்டை ஓட்டும் பிடபிள்யூஎம் ஐசியையும் பெரும்பாலும் கூட்டிக்கொண்டு போகும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிப் பிளக் போட்டால், ஒரு நொடிகூட நிற்காமல் புதுசும் வெடிக்கும். மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாகம் மாற்றிய பிறகு நேராகக் கரண்ட் கொடுக்காமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை பேஸ் வயரில் சீரியலாக மாட்டிக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். பளிச்சென்று ஒரு முறை மின்னிவிட்டு மங்கினால் பெரிய கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. நல்லவேளையாக எதுவும் வெடிக்கவில்லை.

பெரிய கெபாசிட்டரில் 325 இருக்கிறது, ஆனால் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வரவில்லை என்றால் ஐசிக்கு முதல் உயிர் கொடுக்கும் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கிலோ ஓம் மதிப்புள்ளவை, வருடக்கணக்கில் உயர்ந்த வோல்டேஜைத் தாங்கி ஓப்பன் ஆகிவிடும், அதாவது உள்ளே அறுந்துவிடும். டிக், டிக் என்று சத்தம் வந்தால் சப்ளை எழ முயன்று விழுகிறது. ஐசிக்குக் கரண்ட் போகும் விசிசி முனையில் இருக்கும் சின்ன கெபாசிட்டர் (22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்) வற்றியிருக்கலாம், அல்லது 5, 12 வோல்ட் வெளியே வரும் மறுபக்கத்தில் ஷாட்கி டயோடு ஷார்ட்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் வழுக்கும் ஒரு இடம் உண்டு. பவர் போர்டு இரண்டு நாடு. நடுவில் ஒரு வெள்ளைக் கோடோ வெட்டிய பள்ளமோ எல்லை போட்டிருக்கும். கரண்ட் வரும் பக்கத்தில் மீட்டரின் கறுப்பு முனையைப் பெரிய கெபாசிட்டரின் மைனஸில் வைக்க வேண்டும். மறுபக்கத்தில் ஸ்க்ரூ துளையின் தகரத்தில். முனையை மாற்றி வைத்துவிட்டு "325 வரலை, பிரிட்ஜ் போச்சு" என்று நல்ல பிரிட்ஜைக் கழற்றியவர்கள் நிறைய.

காலையில் ஆன் செய்தால் பத்து நிமிடம் கழித்துத்தான் எழுகிறது, நாளுக்கு நாள் அந்த நேரம் நீள்கிறது என்றால் வற்றிய கெபாசிட்டர்தான். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டினால் உடனே எழும், அதுவே அத்தாட்சி. 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் என்று நிற்பதை எடுத்துவிட்டு அதே மைக்ரோஃபாரடில் 16 அல்லது 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகையைப் போடுங்கள். சாதாரண மீட்டரில் 900 காட்டுகிறதே என்று பழையதை விட்டுவைக்காதீர்கள். கொள்ளளவு சரியாக இருந்தும் ஈஎஸ்ஆர் ஏறியிருக்கும், அதை அந்த மீட்டர் காட்டாது.

லைட் எரிகிறது, எழவில்லை

இப்போது வழக்கு பவர் போர்டுக்கும், பிராசசர் இருக்கும் மெயின் போர்டுக்கும் இடையில். இரண்டையும் இணைக்கும் வயரின் சாக்கெட் அருகே பெயர்கள் அச்சிட்டிருக்கும்: ஸ்டாண்ட்பை 5 வோல்ட் (சில கம்பெனிகளில் 3.5), பிஎஸ்-ஆன், 12 வோல்ட், 24 வோல்ட், பிஎல்-ஆன் (திரையின் பின் வெளிச்சத்தை எரியவிடும் கட்டளை), டிம் (அந்த வெளிச்சத்தின் அளவு). ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு பிஎஸ்-ஆன் வழியாக "எழு" என்று சொல்ல வேண்டும். அந்த முனையில் வோல்டேஜ் மாறுகிறதா என்று மீட்டரை வைத்துக்கொண்டே அழுத்துங்கள். மாறியும் 12 வோல்ட் வரவில்லை என்றால் குற்றவாளி பவர் போர்டு. மாறவே இல்லை என்றால் மெயின் போர்டு கட்டளையே கொடுக்கவில்லை. இந்த ஒரு அளவீட்டைச் செய்யாமல் "போர்டு போயிடுச்சு" என்று சொல்பவர் எந்த போர்டு என்று தெரியாமல்தான் சொல்கிறார்.

ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.8 காட்டினால், மெயின் போர்டு வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 5-க்குத் திரும்பினால் மெயின் போர்டில் ஷார்ட், திரும்பாவிட்டால் சப்ளையில் கோளாறு.

மெயின் போர்டைக் குறை சொல்வதற்கு முன் டிவியின் பட்டன் இருக்கும் கீ போர்டின் சின்ன வயரையும் கழற்றிப் பாருங்கள். ஈரத்தாலோ எறும்பாலோ பவர் பட்டன் அழுந்திய நிலையிலேயே இருந்தால் டிவி எழாது, அல்லது தானே எழுந்து தானே படுக்கும். கழற்றியதும் ரிமோட்டில் ஓடினால் செலவு ஒரு சின்ன பட்டனோடு முடிந்தது.

12 வோல்ட் வந்தும் அசைவில்லை என்றால் மெயின் போர்டில் இருக்கும் சின்னச் சின்ன கன்வெர்ட்டர்கள்: 5, 3.3, மெமரிக்கு 1.5 அல்லது அதை ஒட்டி, பிராசசருக்கு 1.1 வோல்ட் சுமார். ஒவ்வொரு காயிலிலும் அளந்துகொண்டே போகலாம். பிராசசர் லைனில் கரண்ட் இல்லாமல் ஓம் பார்த்தால் மிகக் குறைவாகவே காட்டும், அதை ஷார்ட் என்று நினைத்துவிடக் கூடாது. வோல்டேஜ் எல்லாம் சரி, லோகோவில் நிற்கிறது அல்லது லோகோவே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சாஃப்ட்வேர், இல்லாவிட்டால் மெமரி சிப். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் இந்த நிலை வரும். யூஎஸ்பியில் ஃபர்ம்வேர் (டிவியின் உள் சாஃப்ட்வேர்) ஏற்றும்போது போர்டின் எண்ணும் பேனலின் எண்ணும் இரண்டுமே பொருந்த வேண்டும். பேனல் பொருந்தாத ஃபைலைப் போட்டால் படம் தலைகீழாகவோ, இரண்டாகப் பிளந்தோ வரும்.

இடி இடித்த மறுநாள் வந்த டிவி என்றால் பவர் போர்டைவிட மெயின் போர்டின் மேல்தான் சந்தேகம் அதிகம். மின்னல் டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள் இறங்கும். மழை நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்குகிறவர்கள் ஹெச்டிஎம்ஐயையும் பிடுங்க வேண்டியது இதனால்தான்.

லைட் ஒரு கணக்கோடு மினுக்கினால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைக்கு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் அர்த்தம் இருக்கும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை

எல்இடி டிவிகளில் மிக அதிகம் வருவது இதுதான். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வால்யூம் பட்டனை அழுத்துங்கள். நிழல் போல வால்யூம் கோடு நகர்வது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, மெயின் போர்டு நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம் மட்டும்தான் இல்லை. எதுவுமே தெரியவில்லை என்றால் பேனலுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி-கான் போர்டு பக்கமோ பேனலோ.

திரைக்குப் பின்னால் அலுமினியப் பட்டைகளில் எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். பூச்சரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்த கதைதான்: ஒன்று ஓப்பன் ஆனால் மொத்தச் சரமும் அணையும். டிரைவர் வோல்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, ஓடவில்லை என்று தெரிந்ததும் பாதுகாப்புக்காக நிறுத்திவிடும். திரை ஒரு நொடி பளிச்சென்று அணைவது அந்தக் கணம்தான். சில மாடல்களில் வெளிச்சம் மட்டும் போகும், சிலவற்றில் டிவியே ஆஃப் ஆகிவிடும். அதனால்தான் "எழுந்து படுக்கிற" டிவியிலும் முதல் சந்தேகம் பேக்லைட் மேல். அது சரியாக இருந்தால், டி-கானுக்குப் போகும் ரிப்பன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போது டிவி படுக்காமல் நின்றால் ஷார்ட் டி-கானிலோ பேனலிலோ இருக்கிறது.

பட்டைகளைப் பார்க்க பேக்லைட் டெஸ்டர் என்று கிடைக்கும் சின்னக் கருவி போதும். 300 வோல்ட் வரை, கரண்ட்டை அளவோடு கொடுக்கும். மீட்டரின் டயோடு மோடை நம்பாதீர்கள். 3 வோல்ட் எல்இடி மங்கலாக எரிந்தாலும், உள்ளே இரண்டு சிப் இருக்கும் 6 வோல்ட் ரகத்தை அது எரிய வைக்காது. செத்த எல்இடி ஒன்றை மட்டும் மாற்றுவது காசு மிச்சம் போலத் தெரியும். ஆனால் மற்றவையும் அதே வயது, அதே சூடு தின்றவை. இரண்டு மாதத்தில் அடுத்தது போகும். பட்டைகளை செட்டாகவே மாற்றுங்கள்.

கஷ்டம் பட்டை மாற்றுவதில் இல்லை, பேனல் கண்ணாடியைத் தூக்கி வைப்பதில் இருக்கிறது. அதன் விளிம்பில் பிலிம் போலத் தொங்கும் ரிப்பன்கள் கண்ணாடியோடு ஒட்டியவை. அதைப் பிடித்துத் தூக்கினாலோ மடக்கினாலோ திரையில் நெடுக ஒரு பட்டை நிரந்தரமாக நிற்கும், பிறகு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. 32 அங்குலத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் வேண்டும். அடியில் இருக்கும் தாள்களை எடுக்கும்போதே வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி மேல் இருக்கும் வில்லை ஒன்று கழன்றிருந்தால் திரையில் அந்த இடம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், மூடுவதற்கு முன் ஒட்டிவிடுங்கள்.

புதுப் பட்டை போட்டதும் மெனுவில் பேக்லைட்டை 100-லிருந்து 60-க்கு இறக்குங்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றி வைத்த அளவு அது, வீட்டுக்குத் தேவையில்லை. கை பழகியவர்கள் டிரைவர் ஐசியின் பக்கத்தில் இணையாக நிற்கும் சென்ஸ் ரெசிஸ்டர்களில் ஒன்றை எடுத்துக் கரண்ட்டைக் குறைப்பதும் உண்டு. 20 சதவீதம் குறைந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, எல்இடிக்குச் சூடு குறையும்.

போர்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் டிவியின் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று வகை போர்டு போட்டிருப்பார்கள். போர்டிலேயே ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு: சாம்சங் பவர் போர்டு என்றால் பிஎன்44 என்று தொடங்கும், எல்ஜி என்றால் இஏஒய் என்று ஸ்டிக்கரில் இருக்கும். கடைசி எழுத்துவரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

மெக்கானிக் வந்து "பேனல் போயிடுச்சு, புது டிவி வாங்கிக்கோங்க" என்றால், "டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களாண்ணே?" என்று கேளுங்கள். உங்கள் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வால்யூம் கோடு நகர்வது தெரிந்தால், பேனல் போகவில்லை.